பஞ்சர் ஒட்டு பக்கச்சுவரைக் காப்பாற்றாது

நீண்ட சைக்கிள் பயணம் ஒன்றின் பாதி வழியில், சரளைக்கல் பரவிக் கிடந்த ஓர் இறக்கத்தில், பின்சக்கரத்திலிருந்து துணி கிழிபடுவதைப் போன்ற ஓசை கேட்டது. இறங்கிப் பார்த்தபோது, ரிமுக்கு ஒரு விரற்கடை மேலே, டயரின் பக்கவாட்டில், கத்தியால் கீறியதைப் போல ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கிழிசல் தெரிந்தது. தரையில் படும் பட்டை தேயாமல் இருந்தது. அதில் ஒரு முள்கூட ஏறியிருக்கவில்லை. பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர்கள் செய்யக்கூடியதையே நானும் செய்தேன். டியூபில் விழுந்த ஓட்டைக்கு ஓர் ஒட்டுப் போட்டேன். டயரின் உட்புறத்தில் கிழிசலின் மீதும் அதே வகை ஒட்டில் சற்றுப் பெரியதாக ஒன்றை எடுத்து, சொலுஷன் தடவி ஒட்டினேன். வழக்கமான அளவுக்குக் காற்றடித்துக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை துள்ளத் தொடங்கியது. நிறுத்திப் பார்த்தால், கிழிசலின் வழியாக ஒட்டும் டியூபும் சேர்ந்து கோலிக்குண்டு அளவுக்கு வெளியே பிதுங்கி நின்றன. காற்றை இறக்கிவிடலாம் என்று வால்வின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோதே அது வெடித்தது. காதில் ரீங்காரம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மீதி வழியைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

நடக்கும்போது யோசிக்க நேரம் நிறையக் கிடைக்கிறது. நான் ஒட்டிய ஒட்டில் குறை ஏதும் இல்லை. அது கடைசிவரை உரியவே இல்லை. காற்று கசியாமல் பார்த்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்ட ஒரு பொருளை, இழுவிசையைத் தாங்கும் வேலையில் அமர்த்தியதுதான் தவறு. டியூப் வைத்த டயரில் காற்றைப் பிடித்து வைப்பது டியூபின் பொறுப்பு. அந்த டியூப் பலூனைப் போல ஊதிக்கொண்டே போகாமல் சுற்றிவளைத்துப் பிடித்திருப்பது டயரின் பொறுப்பு. பக்கச்சுவர் கிழிந்தால் போவது அந்தப் பிடி. இதைப் புரிந்துகொண்டவருக்குப் பழுதுபார்க்கும் முறையும், எந்த டயரைத் தூக்கி எறிய வேண்டும் என்ற முடிவும், கிழியாமல் காக்கும் வழியும் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

டயரின் வலு ரப்பரில் இல்லை, அதற்குள் புதைந்திருக்கும் இழைகளில் இருக்கிறது. ஜான் பாய்ட் டன்லப் 1888-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரில், ரப்பர் குழாயைச் சுற்றியிருந்தது நெய்த துணி. நெய்த துணியில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிச் செல்வதால், சக்கரம் உருளும்போதெல்லாம் அவை ஒன்றையொன்று அராவும். இப்போதைய சைக்கிள் டயரில் இழைகளை நெய்வதில்லை. நைலான் இழைகளை அருகருகே இணையாக அடுக்கி, மெல்லிய ரப்பரில் பதித்து, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் ஓர் அடுக்கும், அதற்கு எதிர்ச்சாய்வில் இன்னோர் அடுக்குமாக வைக்கிறார்கள். பல டயர்களில் இவ்விரண்டும் ஒரே அடுக்கின் பகுதிகள்; அது டயரின் இரு விளிம்புகளிலும் ஓடும் கம்பியைச் சுற்றி மடங்கி, தரைப்பட்டையின் அடியில் வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி முடிகிறது. ஆகவே அத்தகைய டயரில் தரைப்பட்டைக்குக் கீழே மூன்று அடுக்கு இழைகளும், பக்கச்சுவரில் இரண்டே அடுக்குகளும் இருக்கும். தரைப்பட்டைக்கு மேலே சில மில்லிமீட்டர் கனத்தில் ரப்பரும், சிலவற்றில் முள் ஏறாமல் தடுக்கும் தனிப் பட்டையும் உண்டு. பக்கச்சுவரில் இழைகளை மூடியிருப்பது ஏறக்குறைய ஒரு பூச்சு மட்டுமே.

இந்த மெல்லிய சுவர் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கே வியப்பாக இருந்தது. கணக்கு எளிது: டயருக்குள் இருக்கும் அழுத்தத்தை, டயரின் குறுக்குவெட்டு ஆரத்தால் பெருக்க வேண்டும். 5 பார் அழுத்தம் என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 5 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். 32 மில்லிமீட்டர் அகல டயரின் ஆரம் 1.6 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 8 வருகிறது. அதாவது, பக்கச்சுவரின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்திலும் 8 கிலோவைத் தொங்கவிட்டதைப் போன்ற இழுவிசை, சைக்கிள் சும்மா சுவரில் சாய்ந்து நிற்கும்போதுகூட இருந்துகொண்டே இருக்கிறது. எனது ஒன்றரை சென்டிமீட்டர் கிழிசலில் அது 12 கிலோ. நீட்டினால் நீளும் ஒரு ரப்பர் ஒட்டு அதற்கு ஈடுகொடுக்கும் என்று நான் நம்பியிருக்கிறேன். 25 மில்லிமீட்டர் டயரில் 7 பார் அடித்தாலும் கிட்டத்தட்ட இதே இழுவிசைதான், 8.75 கிலோ, 57 மில்லிமீட்டர் அகலமுள்ள மலைப்பாதை டயரில் 2 பார் அடித்தால் 5.7 கிலோ. அகலமான டயரில் காற்று குறைவாக இருப்பதால் கிழிசல் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் புடைத்துக்கொடுத்து, அந்த இடம் தரையை விட்டு எழும்போது மீண்டும் நிமிர்கிறது. 700சி எனப்படும் வழக்கமான சாலைச் சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர் என்பதால், ஒரு கிலோமீட்டருக்குள் சுவரின் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 475 முறை மடங்கி நிமிர்கிறது. உடனடிப் பசையை விட்டுக் கிழிசலை ஒட்டுபவர்கள் தோற்பது இதனால்தான். அந்தப் பசை கண்ணாடியைப் போல இறுகிவிடுகிறது; சில நூறு மடிப்புகளுக்குள் அது விரிசல் விட்டு, தன் ஓரங்களாலேயே பக்கத்து இழைகளையும் அறுக்கத் தொடங்குகிறது.

பழுதுபார்ப்பதற்கு முன் பழுது எதுவென்று தெரிய வேண்டும். பக்கச்சுவரில் தெரியும் கோடு எல்லாம் கிழிசல் ஆகிவிடாது. வயதான டயரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ரப்பர்ப் பூச்சில் மட்டும் இருக்கலாம். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் இழைகள் முழுமையாக இருக்கும்வரை அது உடனே கைவிடக்கூடியதன்று. டயரைக் கழற்றி, சந்தேகப்படும் இடத்தை உள்ளிருந்து இரு கட்டைவிரல்களால் வெளியே தள்ளி, கிழிசல் வாய் திறக்கும்படி மடக்கிப் பார்க்க வேண்டும். இழைகள் இணைகோடுகளாக, அறுபடாமல் தெரிந்தால் பூச்சு மட்டுமே போயிருக்கிறது. இழை நுனிகள் பஞ்சைப் போலச் சிலுப்பிக்கொண்டு நின்றால் அது உண்மையான கிழிசல். இருட்டறையில் டயரின் உட்புறத்தில் சிறு டார்ச் விளக்கை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டு போவது எனக்குப் பிடித்த சோதனை. ஊடுருவிய கிழிசல் இருக்கும் இடத்தில் நட்சத்திரம் போல ஒளி கசிந்து காட்டிக்கொடுக்கும். காற்றடித்த நிலையில் பார்ப்பதானால், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்றி, ரிமை ஒட்டி டயரில் வார்க்கப்பட்டிருக்கும் மெல்லிய கோட்டையும் சுவரின் வடிவத்தையும் கவனிக்கலாம். சுவர் ஓரிடத்தில் மட்டும் கொப்புளம் போல் எழுந்திருந்தால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. வெளி ரப்பர் கிழியாதிருப்பது வெறும் நல்வாய்ப்பு.

வழியில் கிழிந்தால் செய்ய வேண்டியது, டியூபுக்கும் டயருக்கும் நடுவே நீளாத துண்டு ஒன்றை வைப்பது. நீளாத என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பழைய டயரின் பக்கச்சுவரிலிருந்து வெட்டிய துண்டுக்கு நிகரானது எதுவும் இல்லை என்பது என் அனுபவம். ஐந்து சென்டிமீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் அளவில் ஒன்றை வெட்டி, ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்து, இருக்கைக்கு அடியில் உள்ள பையில் போட்டு வைத்தால் அது எடையும் இல்லை, இடமும் அடைக்காது. அது இல்லாதபோது பற்பசைக் குழாயைப் பிளந்து கழுவிய தகடு, பானம் வந்த அட்டைப்பெட்டியின் பல அடுக்குத் தாள், கிழிக்க முயன்றாலும் கிழியாத வகை அஞ்சல் உறை, இரண்டு மூன்றாக மடித்த பணத்தாள் ஆகிய எதுவும் உதவும். பணத்தாள் கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், சாதாரணத் தாளைக் காட்டிலும் வலுவான இழையில் செய்யப்பட்டது என்பதால் வீடுவரை தாங்கிவிடும். ஒட்டும் துணிநாடாவை (டக்ட் டேப்) மட்டும் நம்பக் கூடாது. அதன் பசை வெப்பத்தில் இளகி, துண்டு மெல்ல மெல்ல நகர்ந்து, அரை மணி நேரத்தில் கிழிசலைத் திறந்து காட்டிவிடும். வேறொரு துண்டு நகராமல் பிடித்துக்கொள்ள அதைப் பயன்படுத்தலாம்.

துண்டு கிழிசலின் எல்லாப் பக்கங்களிலும் குறைந்தது இரண்டு சென்டிமீட்டராவது தாண்டிப் படர்ந்திருக்க வேண்டும். துண்டைப் பிடித்து வைப்பது பசையைவிட டியூபின் அழுத்தமே என்பதால், பரப்பு கூடக்கூடப் பிடிப்பும் கூடும். முடிந்தால் அதன் ஒரு விளிம்பு டயரின் கம்பிவரை இறங்கவும், மறுவிளிம்பு தரைப்பட்டையின் அடிவரை ஏறவும் வைத்தால் சுமை நல்ல இழைகளுக்குப் பகிர்ந்து போகும். டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் சிறிது காற்றை விட்டு, துண்டை இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்தபடி டியூபை அதன்மேல் அமர்த்தி, டயரை ரிமில் ஏற்ற வேண்டும். காற்றில்லாத டியூபைத் திணித்தால் துண்டு எந்தப் பக்கம் சுருண்டது என்பதே தெரியாது. பிறகு அரை அழுத்தத்துக்குக் காற்றடித்து, கிழிசலின்மீது கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். மேடு தட்டினால் துண்டு போதவில்லை என்று பொருள். தட்டாவிட்டால் வழக்கமான அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை ஏற்றலாம். முன்சொன்ன கணக்கின்படி அழுத்தம் குறையும் அதே விகிதத்தில் இழுவிசையும் குறைகிறது; அதற்காக மேலும் மேலும் இறக்கினால், பள்ளத்தில் விழும்போது ரிம் சுவரைத் தரையோடு சேர்த்து நசுக்கிப் புதிய கிழிசலைத் தரும். ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடியும் விரல் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

வீட்டுக்கு வந்தபின் செய்யும் நிரந்தரப் பழுதைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. பக்கச்சுவர் கிழிந்த டயரை எந்த நிலையிலும் பழுதுபார்க்கக் கூடாது என்பவர்களின் எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். முன்சக்கரத்தைப் பொறுத்தவரை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். பின்டயர் வெடித்தால் சைக்கிள் அலைந்து நிற்க வாய்ப்பிருக்கிறது. முன்டயர் வெடித்தால் திசை திருப்பும் பிடியே போய்விடுகிறது. இறக்கத்தில் அதற்குப் பின் நடப்பது நம் கையில் இல்லை. ஆனால் இன்னும் பாதி ஆயுள் மீதமுள்ள பின்டயரில், ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட சுத்தமான கீறல் இருந்தால், அதைத் தைத்து உள்துண்டு ஒட்டிப் பயன்படுத்துவதை நான் பல முறை செய்திருக்கிறேன்.

தையல் வேலையில் ஊசியின் நுனி முக்கியம் என்பதை ஒரு டயரைப் பாழாக்கிய பிறகே கற்றுக்கொண்டேன். தோல் தைக்கும் ஊசியின் நுனி முக்கோணமாக, வெட்டும் விளிம்போடு இருக்கும். அது ஒவ்வொரு குத்துக்கும் நல்ல இழைகளை அறுத்துக்கொண்டு போகிறது. உருண்ட நுனியுள்ள ஊசி இழைகளை விலக்கிவிட்டு இடையில் நுழையும். நூல் பாலியெஸ்டராகவோ நைலானாகவோ இருக்கலாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலும் நன்றாகவே பிடிக்கிறது. தூண்டில் நரம்பை நான் தவிர்க்கிறேன். ஒற்றை நரம்பாக வழவழப்பாக இருப்பதால் முடிச்சு நழுவுவதோடு, கம்பியைப் போலச் சுவரை அறுக்கவும் செய்கிறது. கிழிசலின் ஓரத்திலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் தள்ளி, ஒரு குத்து சற்று அருகிலும் அடுத்தது சற்று விலகியும் இருக்கும்படி மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். எல்லாக் குத்துகளும் ஒரே கோட்டில் விழுந்தால், அஞ்சல்தலைத் தாளில் ஓட்டைகள் இட்டதைப் போல, அந்தக் கோட்டிலேயே சுவர் கிழிந்து வரும். நூலை இழுக்கும்போது கிழிசலின் இரு உதடுகளும் தொட்டுக்கொண்டால் போதும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இறுக்கினால் அந்த இடத்தில் டயர் கோணிக்கொண்டு, ஓட்டும்போது துள்ளும்.

தையல் கிழிசலின் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்கிறது; சுமையைத் தாங்குவது உள்ளே ஒட்டும் துண்டுதான். ஆகவே துண்டை ஒட்டுவதில் அவசரம் கூடாது. டயரின் உட்புறத்தில் பவுடரும் வார்ப்பின்போது படிந்த வழுக்கும் பூச்சும் இருக்கும் என்பதால், ஸ்பிரிட்டால் துடைத்து, உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை மட்டும் தேய்க்க வேண்டும். இழை தெரியும்வரை தேய்த்தால் வலுவை நாமே குறைத்துவிடுகிறோம். துண்டின் ஒட்டும் பக்கத்தையும் அவ்வாறே தேய்த்து, இரண்டிலும் சொலுஷனை மெல்லியதாகத் தடவி முழுமையாகக் காயவிட்டு, இன்னொரு பூச்சுத் தடவி, ஈரப் பளபளப்பு மறைந்து விரல் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் சேர்க்க வேண்டும். துண்டைப் பழைய டயரில் இருந்த அதே வாக்கில், அதன் வளைவு புதிய இடத்தின் வளைவோடு படியும்படி வைத்தால் ஓரங்கள் எழும்பாது. ஒரு நாள் முழுவதும் கவ்வியில் அழுத்தி வைத்துவிட்டு, துண்டின் ஓரங்களைக் கத்தி முனைபோல் மெலியும்வரை உப்புத்தாளால் இழைத்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தடித்த ஓரம் டியூபை ஒவ்வொரு சுற்றிலும் உரசி, பல நூறு கிலோமீட்டருக்குப் பிறகு, காரணம் புரியாத பஞ்சர் ஒன்றைக் கொடுக்கும். வெளிப்புறத்தில் செருப்பு ஒட்டப் பயன்படும் வளையும் தன்மையுள்ள பசையைக் கிழிசலுக்குள் நிரப்பி மூடினால், மணலும் நீரும் இழைகளுக்குள் இறங்காது. பருத்தி இழை வைத்த டயராக இருந்தால் இந்த மூடல் கட்டாயம் வேண்டும்; ஈரம் பட்ட பருத்தி மட்கிப்போகும்.

டியூப் இல்லாத டயர்களில் ஊற்றும் சீலண்ட் திரவம் தரைப்பட்டையில் விழும் சிறு ஓட்டைகளைத் திறமையாக அடைக்கிறது. பக்கச்சுவரில் அது அடைத்த கட்டி, சுவர் மடங்கி நிமிரும் வேகத்தில் கழன்றுகொள்கிறது. ஓட்டையில் திணிக்கும் ரப்பர் திரியும் அங்கே பிடிப்பதற்குப் போதிய கனம் இல்லாததால் எளிதில் பிய்ந்துவிடுகிறது. அத்தகைய வேளையில் உள்ளே ஒரு துண்டையும் டியூபையும் வைத்துக்கொண்டு வீடு திரும்புவதே உத்தமம். சீலண்டில் ஊறிய டயரில் துண்டு வழுக்கும் என்பதால் முதலில் நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

சில டயர்களில் தையலுக்கும் துண்டுக்கும் வேலையே இல்லை. கம்பியையோ அதை ஒட்டிய அரை சென்டிமீட்டரையோ தொட்ட கிழிசல், ரிமைப் பற்றியிருக்கும் பிடியையே தளர்த்திவிடுகிறது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்டதும், ரிமுக்கு இணையாக ஓடி வாய் பிளப்பதுமான கிழிசலில், அறுந்த இழைகள் விட்ட சுமை முழுவதும் இரு முனைகளில் உள்ள இழைகளின்மேல் விழுவதால், நாம் தைத்த பகுதிக்கு அப்பால் அது நீண்டுகொண்டே போகும். சுற்றளவு முழுவதும் வளையமாகத் தேய்ந்து இழை தெரியும் டயர் இன்னும் மோசம்; அதற்குத் துண்டு வைப்பதானால் இன்னொரு டயரையே உள்ளே வைக்க வேண்டியிருக்கும்.

அந்த வளையத் தேய்மானத்தை எனக்கு அறிமுகப்படுத்தியதும் என் கைதான். பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிய ஒரு மாலையில், ஒரு கட்டையை ஒரு மில்லிமீட்டர் உயரமாக இறுக்கிவிட்டேன். பிரேக் பிடிக்கும்போது ஏதோ மென்மையாக இருப்பதாகத் தோன்றியதே தவிர, சத்தம் ஏதும் வரவில்லை. ஒரு வாரத்தில் டயரின் ஒரு பக்கத்தில் கம்பளத்தின் ஓரம் பிரிந்ததைப் போல மெல்லிய வெள்ளை வளையம் தோன்றியது. விரலால் தடவினால் இழை நுனிகள் சொரசொரத்தன. முதல் டயரைக் கல் கிழித்தது. இதைக் கிழித்தது ஒரு மில்லிமீட்டர் கவனக்குறைவு. இப்போது கட்டையை இறுக்கியதும், பிரேக்கைப் பிடித்த நிலையில் பக்கவாட்டிலிருந்து குனிந்து, கட்டைக்கு மேலே ரிமின் உலோகம் ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது தெரிகிறதா என்று பார்க்கிறேன். புதிதாக மாட்டும்போது சரியாக இருந்த கட்டை தேயத் தேய இடம் மாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரிமுக்குக் கீழே அச்சு உள்ள பிரேக்கில் அது ஆரக்கம்பிகளை நோக்கி இறங்குகிறது. ரிமுக்கு மேலே இரண்டு அச்சுகள் உள்ள பிரேக்கில் ஒரு பக்கத்துக் கட்டை டயரை நோக்கி ஏறுகிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அது தன்னைப் பிடித்திருக்கும் கவைக்குள் நேராக உட்காராவிட்டாலும் விளைவு இதேதான். சக்கரத்தில் கோட்டம் இருந்தால், சட்டத்துக்கும் டயருக்கும் இடையே சில மில்லிமீட்டரே உள்ள சைக்கிளில் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் சட்டத்தை உரசும். சட்டத்தின் உட்பக்கத்தில் பெயின்ட் மழுங்கியிருப்பது அதற்கு முதல் சாட்சி. டயரின்மீது உருளும் பழைய வகை டைனமோவைப் பொருத்துபவர்கள், அதற்கெனப் பக்கச்சுவரில் வரிவரியாகத் தடம் வார்த்த டயரை வாங்க வேண்டும்; மெல்லிய சுவரில் அதை உருட்டினால் பூச்சு விரைவில் போய்விடும்.

காற்றைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். டயரில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த எண்களில் பெரியது உச்சவரம்பைக் குறிக்கிறது. அதுவரை அடித்தே தீர வேண்டும் என்பதில்லை. அதே சமயம், சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூபிலிருந்தும் காற்று மெல்ல வெளியேறிக்கொண்டே இருப்பதால், வாரம் ஒரு முறையாவது மானியுள்ள பம்பில் பார்ப்பது நல்லது. விரலால் அழுத்திப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். சுவர் தடித்த டயர் பாதிக் காற்றிலும் கல்லாக இருக்கும், மெல்லிய டயர் நிறைந்திருந்தாலும் குழையும். காற்றுக் குறைந்த சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி, ரப்பர் பிளந்து, ஒரு நாள் கல்லுக்கும் ரிமின் விளிம்புக்கும் நடுவே சிக்குகிறது. டியூபில் பாம்பு கடித்ததைப் போல இரண்டு ஓட்டைகள் அருகருகே இருந்தால், டியூபை ஒட்டுவதோடு நிறுத்தாமல் டயரின் சுவரையும் ஒளி வைத்துப் பார்த்துவிட வேண்டும். வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்கும் என்ற அச்சத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம்: 25 பாகை செல்சியஸில் 5 பார் இருந்த டயர் 60 பாகைக்குச் சூடானால் அழுத்தம் ஏறத்தாழ 5.7 பார்தான் ஆகும். நல்ல டயர் இதைப் பொருட்படுத்தாது. வெயிலில் வெடித்த டயரில், வெயிலுக்கு முன்பே இழை அறுந்திருக்கும்.

கரடான பாதையில் கல்லைத் தவிர்க்க முடியாதபோது, அதன் விளிம்பை உரசிக்கொண்டு போவதைக் காட்டிலும், இருக்கையிலிருந்து எடையைத் தூக்கிக்கொண்டு அதன் நடுவில் ஏறி இறங்குவது சுவருக்குப் பாதுகாப்பு. தரைப்பட்டை அந்த அடியைத் தாங்கவென்றே இருக்கிறது. நடைபாதையின் கல்விளிம்பை ஒட்டி நிறுத்துவதும், சாய்வாக அதன்மேல் ஏறுவதும், வண்டித் தடத்தின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டு வெளியேறுவதும் சிறிது சிறிதாகச் சுவரைச் சுரண்டும் பழக்கங்கள்.

டயர் வாங்கும்போது அங்குலத்துக்கு இத்தனை இழை என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் கூடினால் வலு கூடும் என்று முடிவுசெய்துவிட வேண்டாம். எண் கூடும்போது இழை மெலிகிறது, சுவர் குழைவாகிறது, உருளும்போது வீணாகும் ஆற்றல் குறைகிறது. கல்லுக்கு முன் அது ஏமாந்தும் போகிறது. சில தயாரிப்பாளர்கள் எல்லா அடுக்குகளையும் கூட்டிப் போடுவதால் இருவேறு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடுவதும் பயனற்றது. வலுவூட்டிய பக்கச்சுவர் உள்ள டயர் சற்று எடை கூடியது, சற்று மந்தமானது; சுமை ஏற்றிச் செல்லும் பயணத்துக்கும் கற்பாதைக்கும் நான் அதையே தேர்கிறேன், தார்ச்சாலையில் அதை இழுத்துக்கொண்டு திரிவதில்லை.

ஓட்டாமல் வைத்திருக்கும் டயரும் கெடும். காற்றில் உள்ள ஓசோன், நீட்டப்பட்ட நிலையில் இருக்கும் ரப்பரின் மூலக்கூற்றுப் பிணைப்புகளைத் துண்டிக்கிறது. வெடிப்புகள் இழுவிசைக்குக் குறுக்காகத் தோன்றுவதற்கு அதுவே காரணம். இதைத் தடுக்க ரப்பரில் கலந்திருக்கும் மெழுகு, டயர் மடங்கி நிமிரும்போது மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படிகிறது. அதனால்தான் தினமும் ஓடும் டயரைவிட மூலையில் நிற்கும் டயர் விரைவில் வெடிப்பு விடுவதுண்டு. மின்மோட்டார்கள் ஓசோனை உண்டாக்குவதால் அவற்றின் அருகிலும், வெயில் விழும் இடத்திலும் வைக்காமல், காற்று இறங்கிய சுவர்மேல் எடை நிற்காதபடி சைக்கிளைத் தொங்கவிட்டு வைக்கலாம். மண்ணெண்ணெயாலும் பளபளப்பூட்டும் திரவங்களாலும் டயரைத் துடைப்பவர்கள் அந்த மெழுகையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார்கள். சோப்பு நீர் போதும்.

இறக்கத்தில் கிழிந்த அந்த முதல் டயர் இன்னும் என்னிடம் இருக்கிறது, முழுதாக அல்ல. கம்பிகளை வெட்டி எடுத்துவிட்டு, சேதமில்லாத பக்கச்சுவரை ஐந்துக்கு நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி ஒரு டப்பாவில் போட்டேன். அதிலிருந்து எடுத்த ஒன்று இப்போது ஓடும் பின்டயரின் உள்ளே, எட்டு மில்லிமீட்டர் கீறல் ஒன்றின்மேல் ஒட்டியிருக்கிறது. ஒன்று பையில் இருக்கிறது. டப்பாவில் இன்னும் பதினொன்று மீதி.